புது காரில் கடகட சத்தமா? வாரண்டியிலேயே சரிசெய்து வாங்குவது எப்படி

சர்வீஸ் சென்டருக்குப் போய் ‘வண்டியில சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லி சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், சாயங்காலம் வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று வரும், சத்தமும் அப்படியே இருக்கும். யாரும் ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்வதில்லை. வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர், செய்ய வேண்டிய வேலையை எழுதும் ஜாப் கார்டில் ‘சத்தம், செக் செய்யவும்’ என்று ஒரு வரி எழுதுகிறார். அதை வாங்குகிற டெக்னீஷியன் உங்களைப் பார்த்ததே கிடையாது, எந்தச் சத்தம், எந்த ரோட்டில், எந்த வேகத்தில் என்று அவருக்குத் தெரியாது, ஒர்க்‌ஷாப் எதிரே இருக்கும் நல்ல தார் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்வந்து ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதி மூடிவிடுகிறார். அதனால் முதல் கார் வாங்கியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்குக் கேட்கிற சத்தம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனுக்கும் கேட்க வேண்டும். அவர் காதால் கேட்டுவிட்டால் பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். அவர் கேட்காத சத்தம் எத்தனை முறை வண்டியை விட்டாலும் சரியாகாது.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள்

கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, ஃபாஸ்டேக் கவர், குடை, கண்ணாடி வைக்கும் இடத்தில் இருக்கும் கூலிங் கிளாஸ், சாவிக்கொத்தில் தொங்கும் பிள்ளையார் என்று எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். டிக்கியில் மிதியடியைத் தூக்கி ஸ்டெப்னியும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். புது வண்டியில் பின்பக்கம் வரும் ‘டக் டக்’ பாதிக்குப் பாதி இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. ஜாக்கியை அதன் பிடியில் வைத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி இறுக்கினாலே நின்றுவிடும்.

அடுத்து டயர் காற்று. டீலரின் யார்டில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்குக் காற்றை அதிகமாக அடித்து வைப்பார்கள், டெலிவரியின்போது அதைக் குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவுக்கு, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், காற்றைச் சரிசெய்யுங்கள். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 42 இருந்தால் ஒவ்வொரு குழியும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை எல்லாம் உலுக்கும். காற்றைச் சரிசெய்த பிறகும் சத்தம் இருந்தால்தான் அது புகார்.

வெளியில் வாங்கிப் போட்ட சீட் கவர், டேஷ் கேமரா, ஸ்பீக்கர், கதவு வைசர் இவையும் சத்தம் போடும். கழற்ற முடிந்ததைக் கழற்றிவிட்டே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் முதல் வார்த்தையே ‘சார், இது நீங்க வெளியில மாட்டினதால’ என்றுதான் வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

சத்தத்தைத் தேடிப் பிடிப்பது

இதற்கு ஆள் இரண்டு பேர் வேண்டும். ஓட்டுகிறவர் ஓட்டட்டும், தேடுவது இன்னொருவர் வேலை. ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். நல்ல ரோட்டில் தேடிப் பயனில்லை. பேவர் பிளாக் பதித்த தெரு இதற்கு அருமையான இடம், 20 அல்லது 30 வேகத்தில் போனால் ஒரே சீராக அதிர்வு கொடுத்துக்கொண்டே இருக்கும். சென்னையில் மெட்ரோ வேலை நடக்கும் சாலைகள், சுங்கச்சாவடிக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் தடித்த வெள்ளைக் கோடுகள், சிமெண்ட் ரோட்டின் இணைப்புகள், இவையும் உதவும்.

சத்தத்தில் இரண்டு ஜாதி உண்டு. ‘கடகட’, ‘டக் டக்’ என்று வந்தால் ஏதோ ஒன்று லூஸாக இருந்து இன்னொன்றின் மேல் இடிக்கிறது. ‘கீச்’, ‘கிறீச்’ என்று வந்தால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகள் உரசுகின்றன, பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்குமாக இருக்கலாம், கதவு பீடிங் ரப்பரும் பெயிண்டுமாக இருக்கலாம். முதலாவதற்கு மருந்து இறுக்குவது அல்லது கிளிப் மாற்றுவது, இரண்டாவதற்கு நடுவில் ஃபெல்ட் டேப் ஒட்டுவது அல்லது சிலிகான் கிரீஸ் தடவுவது. உரசும் சத்தம் வெயிலுக்கு ஏற்ப மாறும். காலையில் கத்துகிற டேஷ்போர்டு, மே மாத மதியத்தில் பிளாஸ்டிக் சூடாகி விரிந்ததும் வாயே திறக்காது. சிலவற்றில் நேர்மாறாக, வெயிலில் நிறுத்தி எடுத்தால்தான் சத்தம் வரும். எந்த நேரத்தில் வருகிறது என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சர்வீஸ் சென்டருக்கு அந்த நேரத்தில்தான் போக வேண்டும்.

சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது ஆள் ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் நின்றால் இடம் அதுதான். முன்னால் என்றால் கிளவ் பாக்ஸ், ஏசி வென்ட், டச் ஸ்கிரீனின் ஓரம், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் டேஷ்போர்டு விளிம்பு. நடுவில் என்றால் கதவு டிரிம் (கதவின் உட்புற பிளாஸ்டிக் மூடி), சீட் பெல்ட் உயரத்தை மாற்றும் பகுதி, சன்ரூஃப் இருந்தால் அதன் திரை. ஆள் இல்லாத பின்சீட்டில் பெல்ட் பக்கிள் தொங்கி பிளாஸ்டிக்கில் தட்டும், எல்லா பெல்ட்டையும் மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்சீட்டுக்குப் பின்னால் டிக்கியை மூடியிருக்கும் பார்சல் ட்ரேயைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஒரு நடை போய்வாருங்கள். பின்சீட்டின் முதுகை மடக்கிவிட்டு ஓட்டுங்கள், சத்தம் நின்றால் சீட் பூட்டிக்கொள்ளும் கொக்கியில்தான் ஆட்டம்.

காது ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி வண்டியில் பின்பக்க வலது கதவிலிருந்து வருவதாக வீட்டில் எல்லோருமே சத்தியம் செய்தோம். கதவு டிரிம்மைக் கழற்றி கிளிப் மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை அனுபவமுள்ள ஃப்ளோர் சூப்பர்வைசர் ஒருவர் பின்சீட்டை மடக்கிவிட்டு டிக்கிக்குள்ளேயே படுத்துக்கொண்டு, கார் பேவர் பிளாக் தெருவில் ஊர்ந்து போகும்போது டிக்கிக் கதவில் காதை வைத்துக் கேட்டார். கதவு பூட்டும் இடத்தில் ‘ப’ வடிவில் ஒரு இரும்பு வளையம் இருக்கும் இல்லையா, அதில் ஒரே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றினார், சத்தம் நின்றது. பிறகு டேப்பைப் பிரித்துவிட்டு, வளையத்தின் போல்ட்டைத் தளர்த்தி கொஞ்சம் உள்ளே தள்ளி முறுக்கினார். வேலை பத்து நிமிஷம்கூட இல்லை. டேப்பை வைத்து இடத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு உண்மையான காரணத்தைச் சரிசெய்தார் பாருங்கள், நல்ல டெக்னீஷியன் அப்படித்தான் செய்வார்.

தேடும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எடுக்க வேண்டும், ஓட்டுகிறவர் போனைத் தொடக் கூடாது. முதலில் மீட்டரில் வேகமும் கிலோமீட்டரும் தெரிய ஒரு நொடி காட்டிவிட்டு, அப்புறம் சத்தம் வரும் இடத்துக்கு அருகில் போனைக் கொண்டுபோங்கள். வாயால் தேதியும் இடமும் சொல்லுங்கள்.

அடியிலிருந்து வரும் சத்தம் வேறு கதை

உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சத்தம் எரிச்சல்தான், ஆபத்து இல்லை. கீழேயிருந்து வருவதை அப்படி விடக் கூடாது. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்டிரட் மவுண்ட் என்ற சஸ்பென்ஷன் பாகங்களில் ஒன்றில் தேய்மானம் அல்லது சரியாக முறுக்காத போல்ட் இருக்கலாம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது ‘டக டக டக’ என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் கூடக் கூட ‘ஊம்ம்’ என்று ஏறி, வளைவில் குறைந்தோ கூடியோ மாறினால் வீல் பேரிங் மேல் சந்தேகப்பட வேண்டும். தகரம் அதிர்வது போல, குறிப்பாக வண்டி நின்று ஐடிலிங்கில் இருக்கும்போது வந்தால், சைலன்சருக்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு லூஸாக இருக்கும். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எந்தச் சத்தத்துக்கும் இலவச சர்வீஸ் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போன் செய்யுங்கள்.

சண்டை போட வேண்டாதவையும் உண்டு. ஏசி கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது ஒரு ‘கிளிக்’, வண்டி கிளம்பிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதிக்கும் ‘கிர்ர்’, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜினின் ‘டிக் டிக்’, நிறுத்திய பிறகு சைலன்சர் குளிரும்போது வரும் ‘டிங் டிங்’, பிரேக் போட்டதும் டேங்கில் பெட்ரோல் அலையடிப்பது, மழையில் இரவெல்லாம் நின்ற வண்டியில் முதல் சில பிரேக்குகள் மட்டும் கரகரப்பது. இவை இயல்பு. இதற்கும் சேர்த்துப் புகார் எழுதினால் உண்மையான புகாரின் எடை குறைந்துவிடும்.

வாரண்டி புத்தகத்தில் பார்க்க வேண்டியது

புத்தகத்தில் எத்தனை ஆண்டு என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், எது சேராது என்ற பக்கத்தை யாரும் படிப்பதில்லை. மாருதி 2024 ஜூலையிலிருந்து அடிப்படை வாரண்டியை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. மற்ற கம்பெனிகளிலும் ‘இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது’ என்பதுதான் வழக்கமான கணக்கு, கிலோமீட்டர் வரம்பே இல்லாத திட்டங்களும் உண்டு. ஆனால் விலக்குப் பட்டியலில் ‘வண்டியின் இயக்கத்தைப் பாதிக்காத சத்தம், அதிர்வு’ என்ற பொருளில் ஒரு வரி பல புத்தகங்களில் இருக்கிறது. அந்த வரியைக் காட்டித்தான் மறுப்பார்கள். அதனால் புகாரை வெறும் ‘சத்தம்’ என்று சொல்லாமல் பாகத்தின் குறையாகச் சொல்லுங்கள். ‘டேஷ்போர்டில் சத்தம்’ என்பதற்கும் ‘இடது ஏசி வென்ட் சரியாகப் பொருந்தவில்லை, கையால் அழுத்தினால் அசைகிறது, அதனால் சத்தம் வருகிறது’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதை இயல்பு என்று சொல்லிவிடலாம். இரண்டாவது தயாரிப்பிலோ பொருத்தியதிலோ உள்ள குறை, அதைத்தான் வாரண்டி பார்த்துக்கொள்கிறது.

கூடுதல் காசு கட்டி வாங்கும் நீட்டிக்கப்பட்ட வாரண்டி பெரும்பாலும் என்ஜின், கியர், எலக்ட்ரிக்கல் பாகங்களுக்குத்தான். டிரிம், ரப்பர், கிளிப் எல்லாம் அதில் வெளியே போய்விடும். ஆகவே பிளாஸ்டிக் சத்தத்துக்கு அடிப்படை வாரண்டி மட்டும்தான் உங்களுக்கு இருக்கும் காலம்.

ஒர்க்‌ஷாப்பில்

சனிக்கிழமை போகாதீர்கள், ஞாயிறு திறந்திருந்தாலும் போகாதீர்கள். கூட்டத்தில் யாருக்கும் உங்கள் கூட உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது. செவ்வாய், புதன் போன்ற நாளில் முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், வாங்கும்போதே ‘சத்தம் பார்க்க வேண்டும், டெக்னீஷியனோடு டெஸ்ட் டிரைவ் போக வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். முதல் நாளே கூகுள் மேப்பில் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மோசமான தெரு எது என்று பார்த்து வையுங்கள். போனதும் அந்தத் தெருவுக்கே கூட்டிக்கொண்டு போகலாம். முடிந்தவரை அட்வைசரோடு நிற்காமல் ஃப்ளோர் சூப்பர்வைசரையோ வேலை செய்யப்போகும் டெக்னீஷியனையோ கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டுங்கள், அவர் கேட்கட்டும். மரியாதையாகப் பேசுங்கள், அண்ணே என்று கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை, சத்தம் பிடிப்பது பொறுமை வேண்டிய வேலை, அந்தப் பொறுமையை அவர் உங்களுக்காகச் செலவிடப் போகிறார்.

திரும்பி வந்ததும் ஜாப் கார்டு. அதில் என்ன எழுதுகிறார்கள் என்பதை நின்று பாருங்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘பேவர் பிளாக் ரோட்டில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஏசி ஆஃப், இடது பின்கதவு ஸ்பீக்கர் அருகே கடகட சத்தம். டிரிம்மை அழுத்தினால் நிற்கிறது. டெஸ்ட் டிரைவில் டெக்னீஷியனும் கேட்டார்.’ அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு முறைக்கு இரண்டு சத்தம், மிஞ்சினால் மூன்று. பத்து சத்தம் பட்டியல் போட்டால் எதையும் உருப்படியாகப் பார்க்க மாட்டார்கள்.

எதைக் கழற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கதவு டிரிம், பார்சல் ட்ரே, டிக்கி உட்புறம் கழற்றுவது சாதாரண வேலை. முழு டேஷ்போர்டையும் இறக்க வேண்டும் என்று முதல் முறையே சொன்னால், இடம் உறுதியாகத் தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதியுங்கள். ஏனென்றால் டேஷ்போர்டை இறக்கி ஏற்றும்போது உடைகிற கிளிப்கள் ஒவ்வொன்றும் புதுச் சத்தம் ஒன்றைக் கொண்டுவரும். பிடுங்கிய கிளிப்பைத் திரும்பக் குத்தாமல் புதிது போடச் சொல்லுங்கள், விலை மிகக் குறைவு, வாரண்டியிலேயே போட முடியும். இன்னொன்று, ‘சார், டேம்பிங் ஷீட் (அதிர்வைக் குறைக்க ஒட்டும் தாள்) ஒட்டினா சத்தமே வராது’, ‘அண்டர்பாடி கோட்டிங் அடிச்சா குறையும்’ என்று ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லூஸான கிளிப் டேம்பிங் ஷீட்டால் இறுகாது, வாரண்டியில் இலவசமாக ஆக வேண்டிய வேலைக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது அதே தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் அவசரமாக எடுத்துக்கொண்டு வராதீர்கள். பில் பூஜ்யமாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள், என்ன செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சத்தம் இன்னும் இருந்து, அவர்கள் ‘குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருந்தால், அதற்குக் கீழேயே ‘சத்தம் தொடர்கிறது’ என்று உங்கள் கையால் எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். அதற்கு முன்பே அட்வைசர் ‘சார், பத்து குடுத்துடுங்க’ என்று கெஞ்சியிருப்பார். அவர் மீது எனக்கும் இரக்கம் உண்டு, அந்த எண்ணில் அவருடைய ஊக்கத்தொகை தொங்குகிறது. ஆனாலும் சரியாகாத வேலைக்குப் பத்து கொடுத்தால் கம்பெனி கணக்கில் உங்கள் புகார் முடிந்துபோன புகார். உண்மையைச் சொல்லுங்கள்.

திரும்பவும் வந்தால்

அதே சர்வீஸ் சென்டரில் இன்னொரு முறை, இப்போது பழைய ஜாப் கார்டின் எண்ணைப் போட்டு ‘இதே புகார் மீண்டும்’ என்று எழுத வையுங்கள். ‘இந்த மாடல் எல்லாத்துலயும் இப்படித்தான் சார்’ என்று சொன்னால் வாதாட வேண்டாம், ஷோரூமில் இருக்கும் டெஸ்ட் டிரைவ் வண்டியை அதே தெருவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் சத்தம் வரவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதிலும் வந்தால் அது வடிவமைப்புக் குறையாக இருக்கலாம், கம்பெனியிடம் அதற்கு மாற்றுப் பாகமோ டீலர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறமும் ஆகவில்லையா, சர்வீஸ் மேனேஜர். அவருக்கு மேலே கம்பெனியின் கஸ்டமர் கேர், போனோடு நிறுத்தாமல் மெயிலும் அனுப்புங்கள். மெயிலில் கோபம் வேண்டாம். சேசிஸ் எண், வாங்கிய தேதி, ஜாப் கார்டு எண்கள், வீடியோ, அவ்வளவு போதும். ஒவ்வொரு பகுதிக்கும் கம்பெனி தரப்பில் ஒரு சர்வீஸ் அதிகாரி இருப்பார், அவ்வப்போது டீலரிடம் வருவார். அவர் வரும் நாளில் உங்கள் வண்டியையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று அந்த மெயிலிலேயே கேளுங்கள். டீலரால் முடிவெடுக்க முடியாத பாக மாற்றத்துக்கு அவர் அங்கேயே அனுமதி கொடுத்துவிடலாம். இன்னொரு வழி, டீலரையே மாற்றுவது. வாரண்டி கொடுத்தது கம்பெனி, அதனால் அதன் அங்கீகாரம் பெற்ற எந்த ஒர்க்‌ஷாப்பிலும் செல்லும். பெரிய ஊர் டீலரிடம் சரியாகாத சத்தத்தைச் சின்ன ஊரில் அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியன் கால் மணி நேரத்தில் பிடித்துவிடுவது நடக்கிறது.

சட்ட வழியை டேஷ்போர்டு கீச்சுக்கு எடுக்க வேண்டாம், அலைச்சல்தான் மிஞ்சும். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், கியர் பாக்ஸ் போன்றவற்றில் திரும்பத் திரும்பக் கொடுத்தும் தீரவில்லை என்றால் எடுக்கலாம். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வண்டியையே மாற்றிக் கொடுப்பார்கள் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி சொல்வது பழுதான பாகத்தை மாற்றுவதைத்தான், முழு வண்டியை அல்ல என்று சொல்லியிருக்கிறது. தயாரிப்பிலேயே குறை என்று சொன்னால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள், அப்போது அந்த ஜாப் கார்டுகள்தான் உங்கள் பக்கம் பேசும்.

வாரண்டி முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் போனில் ஒரு அலாரம் வைத்துவிடுங்கள். அன்றைக்கு மறுபடி வண்டியைக் காலி செய்து, பேவர் பிளாக் தெருவில் ஒரு முறை ஓட்டி, லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியில் லிங்க் ராடும் புஷ்களும் பார்க்கச் சொல்லி, இருப்பதையெல்லாம் ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள். பாகம் வரத் தாமதமானாலும், புகார் பதிவான தேதி வாரண்டிக்குள் இருக்கும்.